பழைய கேம்பர் வேனில் ஸ்டெப்னிக்கு எது சரியான இடம்?

அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் பழைய கேம்பர் வேன், அதாவது உள்ளேயே தங்கித் தூங்க வசதி செய்த வேன், வாங்கியிருக்கிறார். பின்பக்கம் வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்க வேண்டிய இடத்தில், முன்பு வைத்திருந்தவர் தண்ணீர்த் தொட்டியைப் பொருத்திவிட்டாராம். டயர் இப்போது உள்ளே கட்டிலுக்கு அடியில் கட்டாமல் கிடக்கிறது. கூரையில் ஏற்றலாமா, பின்கதவில் மாட்டலாமா, இல்லை ஸ்டெப்னியே வேண்டாம் என்று பஞ்சர் கிட் மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

பஞ்சர் கிட்டை முதலில் பார்த்துவிடுவோம். ஆணி குத்திய ஓட்டைக்கு அது போதும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கேம்பர் எப்போதும் பாரத்தோடு ஓடுகிற வண்டி, அதிலும் கடை கண்ணி இல்லாத இடங்களைத் தேடிப் போகிற வண்டி. ஸ்டெப்னி கட்டாயம் வேண்டும்.

இடம் எதுவானாலும், இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் அந்த டயரைக் கட்டுங்கள். இரும்பு ரிம்மோடு சேர்த்து வேன் டயர் 20 முதல் 30 கிலோ வரை இருக்கும். வண்டி எதன்மீதாவது மோதினால், எடையைப் போல 20 மடங்கு விசை என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 25 கிலோ டயர் 500 கிலோ விசையோடு முன்னால் வரும். முன்னால் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். கட்டிலின் பிளைவுட் பலகையில் ஸ்குரூ அடித்துக் கட்டுவது கட்டியதாகவே ஆகாது. தரையைத் துளைத்து போல்ட் போட்டு, அடியில் அகலமான இரும்புத் தகடு கொடுத்து, அதில் ராட்செட் பெல்ட்டைக் கோத்து இறுக்க வேண்டும்.

கூரை வேண்டாம். பழைய கேம்பர்களில் பலவற்றுக்கு ஃபைபர் கூரை, சிலவற்றுக்குத் தூக்கி விரிக்கிற கூரை. இரண்டுமே இப்படி ஓர் இடத்தில் குவிந்த பாரத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. வளைவில் வண்டி சாய்வதும் கூடும். ராத்திரியில், மழையில், தனியாளாக 25 கிலோவைத் தலைக்கு மேலிருந்து இறக்குவதை நினைத்துப் பாருங்கள்.

பின்கதவுதான் பலருக்கும் ஆசை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பழைய வண்டியின் கதவுத் தகடு மெல்லியது, கீல் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். கதவைப் பாதி திறந்து, ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீலில் கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் அந்தக் கதவில் டயரை மாட்டாதீர்கள். மேலே தூக்கித் திறக்கிற கதவாக இருந்தால், அதைத் தாங்குகிற கேஸ் ஸ்ட்ரட்டும் இந்தப் பாரத்துக்குப் போதாது. பின்பக்கம்தான் வேண்டும் என்றால், சேஸிஸிலிருந்தே, அதாவது வண்டியின் அடிச்சட்டத்திலிருந்தே எழும்பி, கேட் மாதிரி திறந்து மூடுகிற தனி இரும்புத் தாங்கி போடுங்கள். கதவுக்குப் பாரமே போகாது. நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறைகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2.4 மீட்டர், டயர் தொங்குவது பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் என்று வையுங்கள். 25 கிலோ டயர் பின் அச்சில் 37.5 கிலோவாக இறங்கும், முன் அச்சிலிருந்து 12.5 கிலோவைத் தூக்கிவிடும். தாங்கியின் எடையும் இதே மாதிரிதான் வேலை செய்யும். பின்னால் ஏற்கெனவே பாரம் நிறைந்த வண்டியில் இது சின்ன விஷயம் இல்லை.

சிலர் முன்னால் மாட்டுவார்கள். ஃபோக்ஸ்வாகன் டி2 வேனின் மூக்கில் ஸ்டெப்னி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இன்ஜின் பின்னால், காற்றில் குளிர்கிற இன்ஜின், முன்னால் ரேடியேட்டரே கிடையாது. அதனால் அங்கே மாட்ட முடிந்தது. முன்னால் ரேடியேட்டர் இருக்கிற வண்டியில் இப்படிச் செய்தால் காற்றை அடைத்து இன்ஜினைச் சூடாக்கிவிடுவீர்கள்.

இவருக்கு என் பதில் வேறு. டயருக்குப் புது இடம் தேடுவதை விட்டுவிடுங்கள். தொட்டியை இடம் மாற்றி, டயரை வண்டிக்கு அடியில் அதன் பழைய இடத்திலேயே தொங்கவிடுங்கள். 50 லிட்டர் தண்ணீர் என்றால் 50 கிலோ. டயரைப் போல இரண்டு மடங்கு எடையை வண்டியின் வாலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அது இருக்க வேண்டிய இடம் உள்ளே, தரையோடு ஒட்டி, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே. டயர் வெளியே போனதும் கட்டிலுக்கு அடியில் இடம் காலியாகிறது, அங்கே வைக்கலாம். குளிர் நாட்களில் தண்ணீர் உறையும் பயமும் குறையும். டயருக்குச் சொன்ன அதே போல்ட், தகடு, பெல்ட் எல்லாம் தொட்டிக்கும் வேண்டும்.

பழைய தாங்கி மாட்டிய துளைகள் அடியில் இருக்கின்றனவா, சுற்றியுள்ள இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். சைலன்சர் மாற்றியிருந்தால், அதன் குழாய் டயருக்குப் பக்கத்தில் வருகிறதா என்பதையும் பாருங்கள். டயர் கேபிளில் இறங்குகிற வகைத் தாங்கி என்றால் கேபிளுக்கும் அதைச் சுற்றி இழுக்கிற வின்ச்சுக்கும் கிரீஸ் போட்டு, அவ்வப்போது முழுசாக இறக்கி ஏற்ற வேண்டும். வருஷக்கணக்கில் தொடாத வின்ச், தேவைப்படுகிற அன்றைக்குத் துருவில் இறுகிப்போய் அசையாது.

எல்லாம் மாட்டிய பிறகு, பயணச் சாமான் முழுவதும் ஏற்றி, பின் டயர் ஒன்றின் காற்றைச் சமதரையில் இறக்கிவிட்டு ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்திருக்கும்போது பம்பருக்கு அடியில் டயர் நுழையாமல் மாட்டிக்கொள்ளும் வண்டிகள் உண்டு. அப்போது ஜாக்கி முதலில் வர வேண்டும். அந்த ஜாக்கி எந்தச் சாமானுக்கு அடியில் புதைந்திருக்கிறது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். கழற்றிய டயர் அதே தாங்கியில் உட்காருகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், டயரின் வயது. பக்கச்சுவரில் டிஓடி (DOT) எழுத்துகளோடு முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ம் ஆண்டின் 23-வது வாரம். 10 ஆண்டு தாண்டிய டயர் ஓடாமலே இருந்தாலும் மாற்றிவிடுங்கள். மாட்டும்போது தாங்கி இடம் கொடுத்தால் வால்வு கீழே பார்த்தபடி இருக்கட்டும். குனிந்து கை நீட்டிக் காற்றைப் பார்த்துவிடலாம். மேல்பக்கம் போய்விட்டால், டயரைக் கழற்றினால்தான் காற்றுப் பார்க்க முடியும், அதை யாரும் செய்வதில்லை.