லாடம் போல வளைந்த ஏரி: அயர்லாந்தின் லாக் குர்

வணக்கம் நண்பர்களே. காற்று பலமாக அடிக்கிறது, சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நிற்பது லாக் குர் கரையில், லிமரிக் நகரத்துக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். லாக் என்றால் ஏரி. பெரிய ஏரியெல்லாம் இல்லை, சுற்றிலும் மாடு மேயும் புல்வெளியும் சுண்ணாம்புக்கல் குன்றுகளும்தான். மேலிருந்து பார்த்தால் குதிரை லாடம் போல வளைந்து கிடக்கும், அந்த வளைவுக்குள்ளே இருப்பதுதான் எனக்குப் பின்னால் தெரிகிற நாக்கடூன் குன்று.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏரித் தண்ணீரில் ஒரு பகுதியை வடித்துவிட்டார்கள். மட்டம் இறங்க இறங்க கற்கோடரியும் வெண்கலப் பொருளுமாகக் கிடைத்திருக்கிறது. அப்புறம் 1930களில் தொடங்கி இந்தக் குன்றைத் தோண்டியதில் புதிய கற்கால வீடுகளின் தடமே வெளிவந்தது. மேற்கே, 113 கற்கள் நிற்கும் கிரேஞ்ச் கல்வட்டத்துக்குச் சாயங்காலம் போகிறேன், அதைத் தனி வீடியோவாகவே போடுகிறேன்.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த கதைக்கு வருவோம். இந்த ஏரி ஆன்யா என்ற தேவதையின் இடம். அவள் கரையில் இருந்தபோது டெஸ்மண்ட் பிரபு மாரிஸ் அவளுடைய மேலங்கியை எடுத்துக்கொண்டு, அதை வைத்தே அவளை வசப்படுத்தினாராம். பிறந்த பிள்ளை ஜெரால்ட். இவன் என்ன செய்தாலும் அப்பா ஆச்சரியத்தைக் காட்டிவிடக் கூடாது, அதுதான் நிபந்தனை. பையன் வளர்ந்து ஒருநாள் விருந்தில் எல்லோர் முன்னாலும் ஒரு குப்பிக்குள் குதித்து வெளியே வந்தான், பெற்ற மனசு, வாயைப் பிளந்துவிட்டார். அவ்வளவுதான், மகன் நேராக ஏரிக்குள் இறங்கி வாத்தாக நீந்திப் போய்விட்டான். எனக்கு அந்த அப்பாவை நினைத்தால்தான் மனசு கனக்கிறது, பிள்ளையைப் பார்த்து அசந்துபோனது ஒரு குற்றமா!

ஜெரால்ட் நிஜ மனிதர், மூன்றாவது டெஸ்மண்ட் பிரபு, ஐரிஷ் மொழியில் கவிதை எழுதியவர், 1398இல் இறந்தார். ஊர்க்கதையில் மட்டும் அவருக்குச் சாவு இல்லை, இந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறார். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நிலா வெளிச்சத்தில், வெள்ளி லாடம் அடித்த வெள்ளைக் குதிரையில் ஏரி மேலேயே சவாரி வருவாராம். அந்த லாடம் முழுசாகத் தேய்ந்து தீருகிற நாளில்தான் கரையேறுவார்.