ஒட்டகச்சிவிங்கி அசைபோடும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். உயிரியல் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய்வருவது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இதைப் பற்றி வீட்டில் பேசிப் பேசி, இப்போது அங்கே யாரும் காது கொடுப்பதில்லை. அதனால் இன்று நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

பெரிய நகரத்துப் பூங்கா என்றால் உங்களுக்கே தெரியும், சுற்றி வரவே கால் கடுக்கும். வாசலில் பெரிய வரைபடம் வைத்திருப்பார்கள். அதன் முன்னால் நின்று, "எல்லாத்தையும் பார்த்துடணும்" என்று முடிவு கட்டுவோம் பாருங்கள், அன்றைய நாள் அங்கேயே கெட்டுப்போகிறது. புலி, ஆச்சு. கரடி, ஆச்சு. நீர்யானையா, அது தண்ணிக்குள்ள இருக்கு, வா போகலாம். மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தால், சின்னவன் அப்பா தோளில் தூங்குகிறான், பெரியவள் செருப்பு கடிக்கிறது என்று அழுகிறாள், பாட்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். அறுபது விலங்கு பார்த்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து கேட்டால், ஐஸ்கிரீம் கீழே விழுந்ததுதான் ஞாபகம் இருக்கும்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். நில்லுங்கள். ஒரு நாளைக்கு நாலு விலங்கு, மிஞ்சினால் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரமாவது கொடுங்கள்.

இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் பேத்தியின் முட்டி சிராய்த்துக்கொண்டதால் கிடைத்த ஞானம். அப்போது அவளுக்கு ஆறு வயது. ஓடி விழுந்தவள், இனி ஓர் அடி நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த இடம் ஒட்டகச்சிவிங்கிகளுக்கு எதிரே. மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அப்பா, நீங்க இவளோட இருங்க, நாங்க ஓடிப்போய்ப் புலியைப் பார்த்துட்டு வந்துடுறோம்" என்று மருமகளை அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

சரி, உட்கார்ந்தோம். ஒட்டகச்சிவிங்கி ஒன்று வேலிக்குக் கிட்டவே நின்று தாடையை இப்படியும் அப்படியுமாக அரைத்துக்கொண்டிருந்தது. வேறொன்றும் செய்யவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. எனக்கே அலுப்புத் தட்டிவிட்டது. திடீரென்று பேத்தி என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். "தாத்தா! அதோட கழுத்துல எலி ஓடுது!"

நான் நம்பவில்லை. அவள் விடவில்லை. "இருங்க, மறுபடி வரும்" என்றாள். பார்த்தேன். அரைத்துக்கொண்டிருந்த தாடை நின்றது. விழுங்கியது. சில நொடி சும்மா நின்றது. அப்புறம் கழுத்தின் அடிவாரத்தில், தோலுக்குள், ஓர் உருண்டை கிளம்பியது. விறுவிறுவென்று மேலே ஏறியது. எலி சுவரில் ஏறுகிற மாதிரியேதான். தலைக்குப் போய்ச் சேர்ந்ததும் தாடை மறுபடி அரைக்கத் தொடங்கிவிட்டது.

மாடு அசைபோடுவதை எல்லாரும் பார்த்திருப்போம். ஒட்டகச்சிவிங்கியும் அசைபோடும் விலங்குதான். இலையை அவசரமாக விழுங்கி வைத்துக்கொண்டு, பிறகு சாவகாசமாக உருண்டை உருண்டையாக வாய்க்குக் கொண்டுவந்து அரைக்கும். மாட்டிடம் அந்த உருண்டை ஏறுவது அவ்வளவாகக் கண்ணில் படாது. இங்கே கிட்டத்தட்ட ஆறடிக் கழுத்து. ஏறுவதும் இறங்குவதும் அப்படியே தெரிகிறது. அந்த ஆறடிக் கழுத்துக்குள் எத்தனை எலும்பு தெரியுமா? ஏழு. நம் கழுத்திலும் ஏழுதான். அதற்கு ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பேத்தி எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஓர் உருண்டைக்கு எத்தனை மெல்லு என்று. முதலில் 44 வந்தது. அடுத்தது 49. பக்கத்தில் ஒவ்வொரு குடும்பமாக வந்து, "ஐ, ஒட்டகச்சிவிங்கி!" என்று படம் எடுத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் நகர்ந்துபோனது. யாருக்கும் எலி தெரியவில்லை. அவள் ஒரு பையனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் அம்மாவைக் கூப்பிட்டான். கடைசியில் அங்கே ஏழெட்டுப் பேர் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தோம். மகன் திரும்பி வந்தான். புலி எப்படி இருந்தது என்று கேட்டேன். "முதுகு தெரிஞ்சுது" என்றான்.

பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒட்டகம், சிவிங்கி என்று பிரித்துப் பாருங்கள். சிவிங்கி என்றால் சிறுத்தை வகைப் புள்ளி விலங்கு. ஒட்டகம் போல் உயரம், சிவிங்கி போல் தோல். கிரேக்கர்களும் இதே மாதிரிதான் ஒட்டகத்தையும் சிறுத்தையையும் ஒட்டவைத்துப் பெயர் சூட்டினார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

புலி ஏன் முதுகைக் காட்டியது? அது நடுப்பகல். பூனை இனத்துக்கு அதிகாலையும் அந்தியும்தான் வேலை நேரம். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடப் படுத்தே கிடக்கும். காட்டிலும் அப்படித்தான். அதை எழுப்புவதற்கு நம் ஆட்கள் விசில் அடிப்பதும் கல் எறிவதும் இருக்கிறதே, நம்மை யாராவது நடுராத்திரியில் ஜன்னலைத் தட்டி எழுப்பினால் சும்மா இருப்போமா? கதவு திறக்கும் நேரத்துக்குப் போய் முதலில் புலியைப் பாருங்கள். அசைபோடுகிறவர்களை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. புலி நடந்துகொண்டிருந்தால் நமக்கு மகிழ்ச்சி. "ஆகா, என்ன கம்பீரம்!" அப்போதும் நில்லுங்கள். அதே பாதையில் போகிறதா, அதே கல்லருகே திரும்புகிறதா, பத்துத் தடவையும் அதே இடத்தில் தலையை அதே மாதிரி வீசுகிறதா என்று பாருங்கள். புல் தேய்ந்து மண் தெரியும் ஒரு தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில நேரம் அது சாப்பாட்டுக்காகக் காத்திருக்கும் பரபரப்பு. நாள் முழுக்க அப்படியே என்றால், செய்ய ஒன்றுமில்லாத விலங்கின் தவிப்பு. இதைக் குறைக்கத்தான் நல்ல பூங்காக்களில் இறைச்சியை உயரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள், பழங்களைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்துக் கொடுக்கிறார்கள், புதிய வாசனைகளைத் தடவி வைக்கிறார்கள். ஒரு நிமிடம் நிற்பவருக்குக் கம்பீரம்தான் தெரியும். கால் மணி நேரம் நிற்பவருக்குத்தான் மற்றது தெரியும்.

கம்பியே இல்லாமல் விலங்கைக் காட்டலாம் என்று செய்து காட்டியவர் கார்ல் ஹாகன்பெக். ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கத்தில் 1907இல் திறந்த பூங்கா. எந்த விலங்கு எவ்வளவு தூரம் தாண்டும் என்று பார்த்து, அதற்கேற்ப அகழி வெட்டினார். இன்று உலகம் முழுக்க நாம் அகழிக்கு இப்பக்கம் நின்று சிங்கம் பார்ப்பது அந்த வழியில் வந்ததுதான். அதே மனிதர் தொலைதூர நாட்டு மக்களையும் அழைத்துவந்து காட்சிக்கு வைத்துக் காசு பார்த்தவர். அது வேறு கதை, கசப்பான கதை.

அப்புறம் ஹைனி ஹெடிகர். சுவிட்சர்லாந்தில் பூங்காக்களை நடத்தியவர். காகத்தை நோக்கி மெதுவாக நடந்து பாருங்கள். ஓர் இடம் வரை பார்த்துக்கொண்டே நிற்கும், அதற்குமேல் ஓர் அடி வைத்தால் பறந்துவிடும். ஒவ்வொரு விலங்குக்கும் அப்படி ஒரு தூரம் உண்டு, கூண்டு கட்டுகிறவன் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார் அவர். நாம் கண்ணாடியில் முகத்தை ஒட்டி, படபடவென்று தட்டுகிறோமே, அந்தத் தூரத்தைத்தான் திருடுகிறோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எனக்கும் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்குகிறது. பூங்காக்கள் காப்பாற்றிய விலங்குகளைப் பற்றிச் சொல்லக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ஒன்று மட்டும். அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மான். 1972இல் பாலைவனத்தில் கடைசி ஒன்றும் போய்விட்டது. பூங்காக்களில் வளர்த்துப் பெருக்கி, 1982இல் ஓமானில் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். இதற்கே ஒரு முழு உரை வேண்டும், போகட்டும்.

இரவு விலங்குகளின் கூடத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பகலில் இருட்டாக்கி, இரவில் விளக்குப் போட்டு, அந்த விலங்குகளுக்கு நேரத்தையே மாற்றி வைத்திருப்பார்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. "காலியா இருக்கு" என்று அடுத்த வாசல் வழியாக வெளியே வந்துவிடுகிறோம். காலி இல்லை, நம் கண் இன்னும் வெயிலிலேயே இருக்கிறது. செல்போன் விளக்கைப் போடாதீர்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நில்லுங்கள். முதலில் ஒரு கிளை தெரியும். அப்புறம் கிளையின் மேல் ஏதோ... சரி, முடிக்கச் சொல்லிவிட்டார்கள். வணக்கம்.