‘நடப்பு’ எங்கே காட்டுகிறது? எல்என் கட்டளையைப் பத்திரமாகக் கையாள்வது

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் இரவு ஷிஃப்டில் சர்வர் பார்ப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நள்ளிரவில் புதிய வெளியீட்டை ஏற்றிவிட்டுக் கடைசியாக அடிக்கும் வரி, பல இடங்களில், எல்என் (ln) கட்டளைதான்; ஒரு ஃபைலுக்கோ டைரக்டரிக்கோ ‘லிங்க்’, அதாவது அங்கே போக இன்னொரு பெயர், போடுவது அது. அந்த ஒரு வரியைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

லினக்ஸில் ஒரு ஃபைலின் உண்மையான அடையாளம் அதன் ஐநோடு எண், அதாவது வட்டில் அந்த ஃபைலைக் குறிக்கும் உள் பதிவின் எண். வெறும் எல்என் அடித்தால் அதே ஐநோடுக்கு இன்னொரு பெயர் கிடைக்கும். அது ஹார்ட் லிங்க். ஒரு பெயரை அழித்தாலும் மற்றொன்றின் வழியே தரவு அப்படியே இருக்கும். ஆனால் வேறு பார்ட்டிஷனுக்குப் போட முடியாது, டைரக்டரிக்கும் போட முடியாது. அந்த இரண்டும் வேண்டுமென்றால் -எஸ் சேர்த்து சிம்லிங்க் போட வேண்டும். 1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் வந்தது இது. இதற்குள் இருப்பது ஒரு பாதையின் எழுத்துகள் மட்டுமே. அந்தப் பாதையில் ஏதாவது இருக்கிறதா என்று எல்என் பார்ப்பதே இல்லை. இல்லாத ஃபைலுக்கும் சத்தமில்லாமல் லிங்க் போட்டுவிடும். ஆகவே சரிபார்க்கும் பொறுப்பு முழுக்க அடிப்பவருடையது.

முதலில் வரிசை. நகலெடுக்கும் சிபி கட்டளையில் போலவே, இருப்பது முன்னே, புதுப் பெயர் பின்னே: ‘எல்என் -எஸ் அமைப்பு குறுக்கு’. மாற்றி அடித்தால் ‘ஏற்கெனவே உள்ளது’ என்று மறுத்துவிடும். அந்த மறுப்பு நம்மைக் காப்பாற்றுகிறது. அந்த நேரத்தில் எரிச்சலில், இருப்பதை நீக்கிவிட்டுக் கட்டாயமாக எழுதும் -எஃப் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்த்தால் ‘அமைப்பு’ என்ற அசல் ஃபைல் அழிந்து, அந்த இடத்தில் இல்லாத ஒன்றைக் காட்டும் லிங்க் உட்கார்ந்துகொள்ளும். -எஃப் போட்டே ஆக வேண்டுமென்றால், பெரும்பாலான லினக்ஸில் வரும் ஜிஎன்யூ எல்என்னில் -பி (-b) சேருங்கள். பழையதை ~ குறியோடு எடுத்து வைக்கும்.

அடுத்து சார்புப் பாதை, அதாவது சாய்கோட்டில் (/) தொடங்காத பாதை. நீங்கள் நிற்கும் டைரக்டரியிலிருந்து அது படிக்கப்படுவதில்லை, லிங்க் இருக்கும் டைரக்டரியிலிருந்து படிக்கப்படுகிறது. ‘இரண்டாவது சந்தில் திரும்பு’ என்று சீட்டில் எழுதினால், சீட்டு ஒட்டியிருக்கும் சுவரிலிருந்துதானே எண்ண வேண்டும்? ஜிஎன்யூவில் -ஆர் கொடுத்தால் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். மேக்கில் -ஆர் இல்லை. ஆனால் அங்கே -டபிள்யூ இருக்கிறது, இலக்கு இல்லையென்றால் எச்சரிக்கும்.

இனி, உண்மையாகவே ஆபத்தான இடம். ‘நடப்பு’ என்ற சிம்லிங்க் ‘வெளியீடு-41’ டைரக்டரியைக் காட்டுகிறது. 42க்குத் திருப்ப வேண்டும். ‘எல்என் -எஸ்எஃப் வெளியீடு-42 நடப்பு’ என்று அடிக்கிறோம். பிழைச் செய்தி வராது, வேலையும் நடக்காது. எல்என் ‘நடப்பு’ வழியாக உள்ளே போய், 41க்குள்ளே ‘வெளியீடு-42’ என்றொரு லிங்க் போட்டிருக்கும். பாதை சார்புப் பாதை என்பதால் அது தன்னைத்தானே காட்டும். திறந்தால், லினக்ஸ் 40 சிம்லிங்க் வரை பின்தொடர்ந்துவிட்டுக் கைவிடும். தளமோ பழைய 41லேயே ஓடிக்கொண்டிருக்கும்.

-என் சேர்த்து ‘-எஸ்எஃப்என்’ என்றால் லிங்க்கையே மாற்றும். மேக்கிலும் இது செல்லும். ஜிஎன்யூவில் பெரிய டி (-T) இன்னும் கறாரானது: ‘நடப்பு’ லிங்க்காக இல்லாமல் நிஜ டைரக்டரியாக இருந்தால், உள்ளே போடாமல் மறுத்துவிடும். எனக்குப் பிடித்தது அதுவே.

இதிலும் ஒரு இடைவெளி உண்டு. பல எல்என்கள் பழைய லிங்க்கை அழித்துவிட்டுப் புதியதை உண்டாக்குகின்றன. அந்த நொடித்துளியில் வரும் கோரிக்கைக்கு ‘நடப்பு’ என்று எதுவும் இருக்காது. புதிய ஜிஎன்யூ பதிப்புகள் இதைச் சரிசெய்துவிட்டன. சிறிய கட்டளைத் தொகுப்பான பிஸிபாக்ஸ் போன்றவற்றில் அதை நம்ப வேண்டாம். இரண்டு படியாகச் செய்யுங்கள்: முதலில் ‘எல்என் -எஸ் வெளியீடு-42 நடப்பு.புது’. அடுத்து, பெயர் மாற்றும் ‘எம்வி’ கட்டளையைப் பெரிய டியோடு கொடுத்து ‘நடப்பு.புது’வை ‘நடப்பு’ ஆக்குங்கள். ரீநேம் என்ற கெர்னல் அழைப்பு இதை ஒரே வீச்சில் முடித்துவிடும். யார் எப்போது பார்த்தாலும் பழையது அல்லது புதியது, இரண்டில் ஒன்று இருக்கும். பெரிய டியை விட்டால் ‘நடப்பு.புது’ நகர்ந்து 41க்குள் போய்விடும்.

மாற்றியவுடன் ‘ரீட்லிங்க் -ஈ நடப்பு’ அடியுங்கள். இலக்கு இருந்தால் முழுப் பாதையைச் சொல்லும், இல்லையென்றால் தோல்விக் குறியீடு தரும். ஸ்கிரிப்ட்டில் அதைப் பார்த்து நிறுத்தலாம். அறுந்த லிங்க்குகளைத் தேட ‘ஃபைண்ட் . -எக்ஸ்டைப் எல்’. பழைய பாதையைத் திறந்து வைத்திருக்கும் செயலிகள் ரீலோடு ஆகும்வரை 41இல்தான் இருக்கும். அதனால் அந்த டைரக்டரியை உடனே அழிக்காதீர்கள்.

லிங்க்கை நீக்கும்போது ‘ஆர்எம் நடப்பு’ அல்லது ‘அன்லிங்க் நடப்பு’ போதும். பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும் சேர்த்து ‘ஆர்எம் -ஆர்எஃப் நடப்பு/*’ என்று அடித்தால் லிங்க் அப்படியே இருக்கும், அது காட்டும் டைரக்டரியின் உள்ளடக்கம் போய்விடும்.