இடுப்பை மட்டமாக வைத்திருக்கும் தசை

நேயர்களே, வணக்கம்.

முடிந்தால் இப்போது எழுந்து நில்லுங்கள். வயதானவர்கள் இடது கையால் சுவரையோ மேசையையோ பிடித்துக்கொள்ளுங்கள். வலது உள்ளங்கையை வலது இடுப்பின் பக்கவாட்டில் வையுங்கள். மேலே விரலுக்குத் தட்டுப்படும் விளிம்பு இடுப்பெலும்பின் மேல்முனை. அதிலிருந்து ஒரு கையகலம் இறங்கினால் தோலுக்கடியில் கெட்டியாக ஒரு மேடு தெரியும். அது தொடை எலும்பின் வெளிமுனை. இரண்டுக்கும் நடுவில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, இடது காலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்குங்கள். கைக்கு அடியில் சதை சட்டென்று இறுகுகிறது அல்லவா? காலை இறக்குங்கள், தளர்ந்துவிடும்.

அந்தச் சதையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். குளூட்டியஸ் மீடியஸ் என்று பெயர். பிட்டத்தின் மூன்று தசைகளில் நடுவில் இருப்பது. அதற்கு அடியில் குளூட்டியஸ் மினிமஸ் என்ற சிறிய தசை, அதே வேலையில் கூட்டாளி. உடற்கூறியல் பாடம் நடத்துகிற எனக்கு, இடுப்பிலிருந்து பாதம்வரை உள்ள அத்தனை தசைகளிலும் இதன்மேல் ஒரு தனி மரியாதை உண்டு.

பிட்டம் என்றால் எல்லோரும் நினைப்பது மூன்றாவது தசையான குளூட்டியஸ் மாக்சிமஸை. உடம்பிலேயே மிகப் பெரிய தசை அது. ஆனால் சமதரையில் மெதுவாக நடக்கும்போது அதற்கு அதிக வேலை இல்லை. நாற்காலியிலிருந்து எழும்போது, படி ஏறும்போது, ஓடும்போதுதான் அது முழு பலத்தைக் காட்டும். நாம் உட்காருவதும் அதன்மேல் இல்லை. உட்கார்ந்ததும் அது மேலே விலகிக்கொள்ள, நம் எடை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது.

நடப்பதே ஒற்றைக் காலில் நிற்பதுதான். ஒரு குதிகால் தரையைத் தொட்டதிலிருந்து அதே குதிகால் மறுபடி தொடும்வரை உள்ள நேரத்தை 100 பங்கு என்று வைத்தால், சுமார் 80 பங்கு நேரம் தரையில் ஒரு கால்தான் இருக்கிறது. மறுகால் காற்றில் இருக்கும் அந்த நேரத்தில், தாங்க ஆளில்லாத அந்தப் பக்கம் இடுப்பு கீழே சரிய வேண்டும். சரிவதில்லை. தரையில் ஊன்றிய காலின் பக்கத்தில் இருக்கும் மீடியஸ் இடுப்பெலும்பைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்து மட்டமாக வைக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் இப்படி.

எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் வலது காலில் நிற்கிறார். ஒரு கால் உடல் எடையில் ஆறில் ஒரு பங்கு. அப்படியானால் வலது இடுப்பு மூட்டின்மேல் இருக்கும் எடை 50 கிலோ. மூட்டை நடுவில் வைத்து ஒரு ஏற்றப்பலகையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உடம்பின் எடை மூட்டிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி, உள்பக்கம் இறங்குகிறது. தசையின் பிடி மறுபக்கம், வெறும் 5 சென்டிமீட்டர் தூரத்தில். கிட்டத்தில் இருப்பவர் இருமடங்கு பாரமாக இருந்தால்தான் பலகை மட்டமாக நிற்கும். ஆகவே தசை இழுக்க வேண்டியது 100 கிலோ. எடையும் இழுப்பும் சேர்ந்து மூட்டில் இறங்குவது 150 கிலோ. உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு! அளவுக் கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளை வைத்து அளந்தபோதும் சாதாரண நடையில் ஏறக்குறைய இதே அளவுதான் வந்தது. கால் தடுக்கித் தடுமாறும் ஒரு கணத்தில் இது எட்டு மடங்கு வரைகூடப் போகும்.

அந்த 5 சென்டிமீட்டர் கிடைத்ததே தொடை எலும்பின் கழுத்தால்தான். எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்க, கழுத்து பக்கவாட்டில் நீண்டு தண்டோடு சேர்கிறது. வளர்ந்தவர்களில் அந்தக் கோணம் சுமார் 125 பாகை. கழுத்து இல்லாமல் தலை நேராகத் தண்டின்மேல் இருந்தால் தசைக்குப் பிடிமானமே இருக்காது. ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. வயதாகி எலும்பு தேயும்போது, விழுந்தால் முறிவது பெரும்பாலும் இந்தக் கழுத்தை ஒட்டிய பகுதிதான். தலைக்குப் போகும் முக்கியமான ரத்தக் குழாய்கள் கழுத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுந்துபோகலாம். வயதானவர்களுக்கு எலும்பை ஒட்டவைக்கப் பார்க்காமல் நேராக செயற்கை மூட்டு வைக்கப் பல நேரம் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, மீடியஸ் பலம் இழந்தால் என்ன ஆகும்? 1895ல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் பிரீட்ரிக் டிரெண்டலென்பர்க் இதைத்தான் காட்டினார். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகிய குழந்தைகள் பக்கத்துக்குப் பக்கம் அசைந்து அசைந்து நடப்பார்கள். எலும்பின் தலை மேலும் கீழும் வழுக்குவதால் அப்படி நடக்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அவர் அவர்களை ஒற்றைக் காலில் நிற்க வைத்து, பின்னால் நின்று பார்த்தார். தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே சரிந்தது. காரணம் மூட்டின் வழுக்கல் இல்லை, ஊன்றிய காலின் பக்கவாட்டுத் தசையால் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது அதே ஆண்டின் கடைசியில். அவரிடம் இருந்தது கண் மட்டும்தான். இன்றும் அதே சோதனையைத்தான் செய்கிறோம். மாணவர்கள் குழம்புவதும் இங்கேதான்: சரிவது ஒரு பக்கம், கோளாறு மறுபக்கம்.

இந்தத் தசைக்கு உத்தரவு கொண்டுவரும் நரம்பு மெல்லியது. உடற்கூறு மேசையில் பெரிய தசையை விலக்கி, மீடியஸையும் மெதுவாகத் தூக்கினால், அதற்கும் மினிமஸுக்கும் நடுவில் அந்த நரம்பு விசிறி போலக் கிளை பிரிந்து முன்னோக்கி ஓடுவது தெரியும். நான் கையால் சுட்டிக்காட்டிய அந்த எலும்பு மேட்டின் உச்சியிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்தில் அது போகிறது. இடுப்பு மூட்டுக்குப் பக்கவாட்டிலிருந்து போகும் அறுவை மருத்துவர்கள் தசையைப் பிளக்கும்போது அந்த 5 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று பாடமாகவே படிக்கிறார்கள்.

அப்புறம், வலி. பிட்டத்திலோ முதுகின் அடியிலோ கை வைத்து, இடுப்பு மூட்டு வலிக்கிறது என்பார்கள். பெரும்பாலும் அந்த வலி முதுகெலும்பிலிருந்து வருவது. மூட்டின் சொந்த வலி தொடை இடுக்கில் தெரியும், சில நேரம் முழங்காலில் தெரியும். இரண்டு மூட்டுகளுக்கும் ஒரே நரம்புகள் கிளை தருவதால் இந்த ஏமாற்று. முழங்கால் வலிக்கிறது என்று நொண்டி நடக்கும் குழந்தையின் முழங்காலில் ஒன்றும் தெரியாவிட்டால், இடுப்பு மூட்டைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. பெற்றோர் இதைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள்.

கடைசியாகக் கைத்தடி. வலது இடுப்பு மூட்டு தேய்ந்து வலிக்கிறது என்றால் தடியை எந்தக் கையில் பிடிப்பது? நிறையப் பேர் வலது கையில் பிடிக்கிறார்கள். இடது கையில் பிடிக்க வேண்டும். இடது கையில் இருக்கும் தடி வலது மூட்டிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் தள்ளி ஊன்றுகிறது. தசையின் பிடியோ 5 சென்டிமீட்டர். எட்டு மடங்கு தூரம், ஆகவே எட்டு மடங்கு உதவி. தடியில் 7 கிலோ அழுத்தினால் தசைக்கு 56 கிலோ வேலை குறைகிறது. மூட்டில் இறங்கிய 150 கிலோ 90க்கும் கீழே வந்துவிடும். மாத்திரை செய்யாத வேலையை ஒரு கம்பு செய்கிறது என்று நான் உரக்கவே சொல்வேன். தடி பிடிக்க வெட்கப்படாதீர்கள்.

பையைச் சுமக்க வேண்டி வந்தால் கணக்கு தலைகீழ்: வலிக்கிற பக்கத்துக் கையிலேயே தூக்குங்கள். மறுகையில் தூக்கினால் மீடியஸ் அந்தப் பாரத்தையும் சேர்த்து இழுக்க வேண்டிவரும்.

செருப்பு போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். பிடித்து ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கும். தடியும் வலிக்கிற காலும் ஒன்றாக முன்னே போகட்டும். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், பிறகு தடியும் வலிக்கிற காலும். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில், நல்ல கால் பின்னால். கைப்பிடிச் சுவர் இருந்தால் அதையும் விடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.