நெடும்பயணத்துக்கு மோட்டார் சைக்கிளும் அதன் மின்கணக்கும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோடை பிறந்துவிட்டால், பெட்டியும் பையும் கட்டிக்கொண்டு வடக்கு நோக்கிக் கிளம்பும் மோட்டார் சைக்கிள்களை ஓசூர்ச் சாலையில் பார்க்கலாம். கன்னியாகுமரியில் தொடங்கி மதுரை, சேலம், கிருஷ்ணகிரி வழியாக ஐதராபாத், நாக்பூர், ஆக்ரா, தில்லி என்று ஸ்ரீநகர் வரை நீளும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அவர்களுடைய வழி. போய்ச் சேர நினைக்கும் இடம் பெரும்பாலும் லடாக். முன்பெல்லாம் இப்படிக் கிளம்புபவரிடம் ஒரு வரைபடமும் டார்ச் விளக்கும் இருந்தால் போதும். இன்றோ ஹேண்டில்பாரில் வழிகாட்டும் கைப்பேசி, ஹெல்மெட்டில் காமிரா, காதருகே புளூடூத் கருவி, முன்புறம் இரண்டு பனிவிளக்குகள் என்று சாமான்கள் பெருகிவிட்டன. இத்தனைக்கும் சேர்த்துத் தீனி போடுவது சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு சிறிய பேட்டரி. அந்தப் பேட்டரியிடம் எவ்வளவு கேட்கலாம், எந்த வழியாகக் கேட்க வேண்டும் என்பதே இன்றைய உரையில் பெரும்பகுதி.

முதலில் வரவு செலவைப் பார்ப்போம். 350 முதல் 400 சி.சி. வரையிலான நம் ஊர் வண்டிகளில் மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டர் ஏறத்தாழ 200 வாட் அளவில் தரக்கூடியது. அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் சுழலும்போதுதான். சிக்னலில் நின்று வண்டி ஐட்லிங்கில் ஓடும்போது இந்த வரவு வெகுவாகக் குறைந்துவிடும். செலவுப் பக்கம், 2017 ஏப்ரலிலிருந்து விற்பனைக்கு வந்த இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்வரை முன்விளக்கை அணைக்க முடியாது. ஹாலஜன் பல்பாக இருந்தால் அது ஒன்றே 55 அல்லது 60 வாட் எடுத்துக்கொள்ளும். 2020 ஏப்ரலில் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், மின்சாரத்தில் இயங்கும் பெட்ரோல் பம்பும் இன்ஜெக்டரும் வந்துவிட்டன. பின்விளக்கு, மீட்டர், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். ஆகியவற்றையும் கூட்டினால் வண்டியின் சொந்தச் செலவே 100 வாட்டைத் தாண்டும். பேட்டரிக்குத் திரும்பச் சேர வேண்டிய பங்கையும் கழித்துவிட்டால், நம் விருப்பத்துக்கு மிஞ்சுவது 40, 50 வாட் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

விரைவாகச் சார்ஜ் ஏறும் கைப்பேசி ஒன்றுக்கு 18 வாட் தேவை என்று கொண்டால், மாற்றத்தில் ஏற்படும் இழப்பையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து அது இழுப்பது ஒன்றரை ஆம்பியர் அளவுதான். ஓடும் வண்டிக்கு இது ஒரு சுமையே அல்ல. சுமையாவது எது என்றால், ஜோடிக்கு 40 வாட்டோ அதற்கு மேலோ இழுக்கும் பனிவிளக்குகளும், சூடேற்றும் கையுறைகளும்தான். என்னிடம் யோசனை கேட்டு வருபவர்கள் கைப்பேசியைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டு, விளக்கைப் பகல் முழுவதும் எரியவிட்டுக்கொண்டு போவதைப் பார்க்கும்போது சற்றுச் சிரிப்பாகவும் இருக்கும்.

இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் போட்டு வைத்துக்கொண்டு, டீக்கடை நிழலில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவது வேறு கதை. இவ்வகை வண்டிகள் பலவற்றில் இருப்பது 8 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது ஓர் ஆம்பியர் வீதம் ஏறத்தாழ எட்டு மணி நேரம் தரக்கூடியது. இரண்டு மணி நேரத்தில் அதில் 3 ஆம்பியர்-மணி கரைந்துவிடும். மீட்டரும் மற்றவையும் எடுப்பது தனி. இன்றைய வண்டிகள் பலவற்றில் கிக்கர் கிடையாது. பெட்ரோல் பம்ப் இயங்கும் அளவுக்குக்கூடப் பேட்டரியில் உயிர் இல்லையென்றால், நான்கு பேர் சேர்ந்து தள்ளினாலும் இன்ஜின் பிடிக்காது. ஆகவே ஓடும்போது மட்டும் வண்டியிலிருந்து எடுங்கள். நிற்கும்போது பவர் பேங்கிலிருந்து எடுங்கள். ஓடும் நேரத்தில் வண்டி பவர் பேங்கை நிரப்பட்டும், இரவில் பவர் பேங்க் மற்றக் கருவிகளை நிரப்பட்டும் என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று மேலே அச்சிட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு என்பதையும், 5 வோல்ட்டாக வெளியே வரும்போது நம் கைக்குக் கிடைப்பது 6,000 சொச்சம்தான் என்பதையும் மனத்தில் வைத்து, எத்தனை வேண்டும் என்று தீர்மானிக்கலாம்.

இனி, சார்ஜர் இணைப்பைப் பற்றி. பழுதுகளில் பெரும்பாலானவை சார்ஜரில் தோன்றுவதில்லை. அதை இணைத்த விதத்தில் தோன்றுகின்றன. முன்விளக்குக்குப் போகும் ஒயரின் தோலைப் பிளேடால் சீவி, அதில் இன்னொரு ஒயரைச் சுற்றி, மேலே கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவது சாலையோரக் கடைகளில் பத்து நிமிட வேலை. கோடை வெயிலில் டேப்பின் பசை உருகி விலகும், மழையில் செம்பு பச்சை பூக்கும், பிறகு ஒரு நாள் நடுவழியில் விளக்கும் சார்ஜரும் சேர்ந்தே போகும். வண்டியின் மூல ஒயரிங்கை வெட்டியிருந்தால், பின்னால் வரும் கோளாறுக்கு நிறுவனம் உத்தரவாதத்தை மறுக்கவும் கூடும்.

முறையான இணைப்பு பேட்டரியிலிருந்து நேரே தொடங்க வேண்டும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் பியூஸ் ஒன்று இருக்கட்டும். அந்த பியூஸ் காப்பது ஒயரை. அதனால்தான் அது சார்ஜரின் பக்கத்தில் இல்லாமல் பேட்டரியின் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்தது ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். நான்கு கால்கள் உள்ள சாதாரண ரிலே எந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். கால்களில் எண்கள் பொறித்திருக்கும். 30ஆம் காலுக்குப் பேட்டரியிலிருந்து வரும் ஒயர், 87க்குச் சார்ஜருக்குப் போகும் ஒயர், 85, 86 இரண்டில் ஒன்றுக்கு எர்த், மற்றொன்றுக்குச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயர். சாவியை எடுத்தவுடன் சார்ஜர் முழுவதும் துண்டிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ரிலே இல்லாமல் நேரே இணைத்துவிட்டால், நீல விளக்கும் வோல்ட் மீட்டரும் உள்ள சார்ஜர், கைப்பேசி எதுவும் செருகாத நிலையிலும் 20 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கலாம். நாளொன்றுக்கு அரை ஆம்பியர்-மணி என்றால், பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் 8 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும்.

ஒயர் போகும் பாதையைக் கவனிக்க வேண்டிய இடம் ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள கழுத்து. ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் முழுவதும் திருப்பிப் பார்த்து, ஒயர் இழுபடவும் கூடாது, நசுங்கவும் கூடாது என்று உறுதி செய்த பின்னரே கட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான திருப்பங்களில் ஒயரின் தோல் தேய்ந்து சட்டத்தில் உரசுவது அந்த இடத்தில்தான். முனைகளைச் சால்டர் வைப்பதைவிட, பொருத்தமான டெர்மினலில் அழுத்திக் கடிக்க வைப்பது மேல். அதிர்வில், ஈயம் ஏறிய இடத்துக்கும் ஏறாத இடத்துக்கும் நடுவில் செம்பு இழைகள் முறிந்துவிடும். பேட்டரி முனைகளின் போல்ட்டுகளை இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவிவிட்டால் அந்த வேலை முடிந்தது.

ஒயரிங் முடிந்த பின் மல்டிமீட்டரால் மூன்று அளவுகளைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். இன்ஜினை நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடவிட்டால் 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். எல்லா விளக்கும் எரிந்து, கைப்பேசியும் சார்ஜ் ஏறும்போது அதே சுற்றில் 13க்குக் கீழே இறங்கினால் செலவு வரவை மிஞ்சிவிட்டது என்று பொருள், விளக்கைக் குறையுங்கள். 15ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் பழுது. அதைச் சரிசெய்யாமல் ஊரைத் தாண்டக் கூடாது.

கைப்பேசியின் நிலையையும் பார்க்க வேண்டும். ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வு காமிராவுக்கு ஆகாது. அதிக ஆற்றல் கொண்ட மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் காமிராவின் நடுக்கம் தடுக்கும் அமைப்பைக் காலப்போக்கில் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. ரப்பர் வைத்த அதிர்வுத் தாங்கியுடன் கூடிய ஹோல்டர் வாங்குவது நல்லது. பழைய கைப்பேசி ஒன்றை வழிகாட்ட மட்டும் ஒதுக்கிவிடுவது அதைவிட நல்லது. வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத முறையில் கைப்பேசியைப் பயன்படுத்த மோட்டார் வாகன விதிகள் 2020 அக்டோபர் முதல் இடம் தருகின்றன. ஓட்டிக்கொண்டே பேச இடமில்லை. நாக்பூர் வெயிலில் திரையும் எரிந்து, சார்ஜும் ஏறும்போது கைப்பேசி கொதித்துப்போய்ச் சார்ஜைத் தானே நிறுத்திக்கொள்ளும். அது பழுதன்று. திரையை அணைத்துவிட்டுக் காதில் கேட்கும் குரலை மட்டும் நம்பி ஓட்டினால் சரியாகிவிடும். மழையில் சார்ஜர் பின்னைப் பிடுங்கிவிட்டு, கைப்பேசியை உள்ளே வைத்துவிடுங்கள். ஈரமான துளைக்குள் மின்சாரம் பாய்ந்தால் பின்கள் அரித்துப்போகும்.

வண்டியின் மற்ற ஆயத்தங்கள் பலரும் அறிந்தவை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்வீஸைக் கிளம்பும் முந்தின நாள் செய்யாதீர்கள். பத்து நாட்களுக்கு முன்பே செய்து, முழுச் சுமையுடன் ஏற்காடு அல்லது ஏலகிரி வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், இறுக்காமல் விட்ட போல்ட் வீட்டுக்கு அருகிலேயே தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். பட்டன் தேயாவிட்டாலும் பழைய டயரை நம்ப வேண்டாம். செயின் தேய்ந்திருந்தால் அது ஓடும் பல்சக்கரங்களான இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கிளட்ச் கேபிளுக்கு ஒரு நல்ல வழி உண்டு: புதிய கேபிளைப் பழைய கேபிளின் பக்கத்திலேயே ஓட்டி, கட்டி வைத்துவிட்டால், அறுந்த இடத்தில் டாங்கைக் கழற்றாமல் இரு முனைகளை மட்டும் மாற்றிக்கொண்டு போகலாம். ஸ்போக் சக்கரமும் டியூப் டயரும் உள்ள வண்டி என்றால் முன்னுக்கொன்று பின்னுக்கொன்றாக டியூப் எடுத்துக்கொள்ளுங்கள். டூல் கிட்டில் இரண்டு பியூஸும் ஒரு ரிலேயும் கிடக்கட்டும்.

மணாலியைத் தாண்டி, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கத்தின் வழியாக லாகுல் பள்ளத்தாக்கில் இறங்கினால் தாண்டி என்னும் சிற்றூர் வரும். அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டரில் என்று அறிவித்த அங்கிருந்த பலகை பயணிகளிடையே பெயர் பெற்றது. டாங்கை நிரப்பியதோடு, கேனிலும் 5 லிட்டர் எடுத்துக்கொள்வது நல்லது. 5,000 மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியளவுதான் என்பதால், இன்ஜினின் இழுவையும் அவ்வளவுக்குக் குறையும். கீழ் கியரில், அதிகச் சுற்றில் ஏற நேரிடும். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இருக்க வேண்டும். அதிலும் வழியெல்லாம் சிக்னல் கிடைக்காது. கிடைக்காத சிக்னலைத் தேடித் தேடியே கைப்பேசியின் சார்ஜ் தீர்ந்துபோகும் என்பதால், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு பிளைட் மோடில் போட்டுவிடுங்கள். இடம் காட்டும் ஜி.பி.எஸ். அப்போதும் இயங்கும்.

மணாலி-லே சாலையில் உயரத்தில் இருக்கும் சர்ச்சு போன்ற இடங்களில் கூடாரத்தில் தங்கும் இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடும். அந்தக் குளிரில் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் கெடும். கைப்பேசியையும் பவர் பேங்கையும் போர்வைக்குள் உடம்போடு வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் அவை வெதுவெதுப்பாக இருக்கும்போது சார்ஜில் போடுங்கள். காலையில் வண்டியைக் கிளப்பும்போது பனிவிளக்கு, சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டரை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாமல், அரை நிமிடம் ஓய்வு கொடுத்து மீண்டும் முயலுங்கள். இன்ஜின் சில நிமிடம் ஓடிச் சூடான பின் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.