ஆய்வகம் கட்டியவரா, அளவுகோல் கொடுத்தவரா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்! "உளவியலை அறிவியலாக்கியவர் ஜெர்மன் அறிஞர் வுண்ட்தான், 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியல் ஆய்வகம் கண்டாரே" என்று முழங்கிவிட்டுப் போனார் எதிரணித் தலைவர். ஆய்வகத்தை யார் மறுத்தார்கள்? ஆனால் நினைவு, சிந்தனை போன்ற உயர்நிலை மனச்செயல்கள் சோதனைக்குப் பிடிபடாது, அவற்றை மொழியிலும் வழக்கத்திலும் புராணத்திலும்தான் தேட வேண்டும் என்று கதவைச் சாத்தியவரும் அதே வுண்ட்தானே! 1885இல் நினைவைப் பற்றிய நூலோடு அந்தக் கதவைத் திறந்தவர் எங்கள் ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ்.

எப்படித் திறந்தார்? கவிதையை மனப்பாடம் செய்தால் பொருளும் சந்தமும் கைகொடுத்துவிடும். ஆங்கிலக் கவிஞர் பைரனின் வரிகளுக்கு, பொருளற்ற அசைகளுக்கு ஆனதில் பத்தில் ஒரு பங்கு உழைப்பே போதுமாயிற்று. அதனால் மெய், உயிர், மெய் என்று 'ஸெஃப்' போல ஏறத்தாழ 2,300 அசைகளைக் கட்டினார். அவற்றைக் கலைத்து, பதின்மூன்று அசைகள் கொண்ட எட்டு வரிசைகள் எடுப்பார். நிமிடத்துக்கு 150 அசை வேகத்தில் வாசிப்பார். பிழையில்லாமல் இரண்டு முறை ஒப்பிக்கும்வரை விடமாட்டார். வரிசைக்கு வரிசை 15 வினாடி ஓய்வு, அவ்வளவுதான்.

"நினைவிருக்கிறதா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இவர் கேட்டது வேறு: திரும்பப் படிக்கும்போது முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது? முதலில் 1,000 வினாடி, மறுநாள் 660 வினாடி என்றால் மிச்சம் 34 விழுக்காடு. ஒரு சொல்கூட நினைவுக்கு வராத நிலையிலும் உள்ளே தங்கியதை இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். இதுதானய்யா அளவுகோல்!

அது காட்டியது என்ன? சுமார் 20 நிமிடத்தில் மிச்சம் 58 விழுக்காடு, ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34, 31 நாளில் 21. முதல் ஒரு மணி நேரத்தில் 56 போய்விட்டது. அடுத்த ஒரு மாதம் முழுக்கப் போனது வெறும் 23! இன்னொன்று: ஒரே நாளில் 68 முறை உருப்போட்ட பலனை, மூன்று நாளில் பிரித்துப் படித்தபோது 38 முறையே தந்தது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு விழிக்கும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும்.

"சோதனைக்கு ஒரே ஆள், அதுவும் அவரே!" என்று எதிரணித் தோழி சிரித்தார். குறைதான், ஒப்புக்கொள்கிறேன். எல்லா வரிசையும் ஒரே கடினம் அல்ல என்று எபிங்ஹாஸே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் 2015இல் முர்ரே, த்ராஸ் என்ற ஆய்வாளர்கள் அதே முறையில் ஒருவரை ஏறத்தாழ 70 மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தார்கள். மறதி நாளாக நாளாக எப்படிப் போகிறது என்று காட்டும் வளைகோடு பெரும்பாலும் அப்படியே வந்தது. 130 ஆண்டு கழித்தும் அவர் குறிப்பை வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்ய முடிகிறதென்றால், செய்முறையை அவ்வளவு துல்லியமாக எழுதி வைத்திருந்தார் என்றுதானே அர்த்தம்? மாலையில் படித்தால் காலையைவிட சுமார் 12 விழுக்காடு கூடுதல் நேரம் பிடிக்கிறது என்று கண்டுபிடித்து, அதையும் கணக்கில் கழித்த மனிதர் அவர்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, அமர்கிறேன்.