வண்ணம் உதிர்ந்த படை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சீனத்துச் சுடுமண் படை என்றதும் நம் எல்லோர் கண்முன்னும் ஒரே காட்சிதான் வரும். சாம்பல் படிந்த பழுப்பு நிறத்தில், உதட்டை இறுக மூடிக்கொண்டு, வரிசை வரிசையாக நிற்கும் வீரர்கள். எவ்வளவு கம்பீரம், எவ்வளவு அடக்கம் என்று வியக்கிறோம். கம்பீரத்தைச் சிற்பி கொடுத்தார், மறுப்பதற்கில்லை. அடக்கத்தை அவர் கொடுக்கவில்லை. அது வண்ணம் உதிர்ந்துபோனதால் வந்தது. சீனத்தின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த படை அது. கி.மு. 210இல் அவர் இறந்த காலத்தில் அது கல்யாண ஊர்வலம்போல் இருந்திருக்கும். பச்சை மேலங்கி, சிவப்பு, நீலம், ஊதா என்று ஆடைகள், இளஞ்சிவப்பு முகம், கருமையான தலைமுடி, வெள்ளை விழியில் கருமணி.

1974இல் ஷியான் நகருக்குக் கிழக்கே லின்டாங் பகுதியில் கிணறு தோண்டிய விவசாயிகளின் மண்வெட்டியில் இந்தப் படை தட்டுப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். மொத்தம் எண்ணாயிரம் வீரர்கள் இருக்கலாம் என்று கணக்கு. அதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரே ஒரு வீரனின் தோலை மட்டும் பார்ப்போம்.

களிமண்ணில் உருவாக்கிச் சூளையில் சுட்ட பிறகு, அவன்மேல் அரக்கு மரத்தின் பாலைப் பூசினார்கள். அந்தக் கரும்பழுப்புப் பூச்சின்மேல்தான் வண்ணம். சிவப்புக்குச் சாதிலிங்கம், பச்சைக்கும் நீலத்துக்கும் செம்புத் தாதுக்கள், வெள்ளைக்கு எலும்பைச் சுட்டெடுத்த பொடி. ஊதாதான் விந்தையானது. அது பூமியிலிருந்து தோண்டி எடுத்ததல்ல. பேரியமும் செம்பும் மணலும் சேர்த்து, அதிக வெப்பத்தில் உருக்கி மனிதர் செய்த நிறமி. இருட்டில் புதைப்பதற்காக அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

வண்ணம் எங்கே போனது? கொஞ்சம் தீயில் போனது, கொஞ்சம் கூரை சரிந்து விழுந்ததில் போனது. மீதி, சொல்லவே சங்கடமாக இருக்கிறது, நாம் தோண்டியதில் போனது. இரண்டாயிரம் ஆண்டு ஈரமண்ணில் ஊறிக் கிடந்த அரக்கு, ஷியானின் வறண்ட காற்று பட்டதும் சில நிமிடங்களில் சுருண்டு வெடித்து உதிரத் தொடங்கிவிடும். வண்ணம் அதன்மேல்தானே ஒட்டியிருக்கிறது? அதுவும் சேர்ந்தே விழும். பிறகு 1990களில் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து வல்லுநர்களும் சீன வல்லுநர்களும் சேர்ந்து இதற்கு வழி தேடினார்கள். அரக்கில் உள்ள நீர் வெளியேறுமுன் அதன் இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற, நீரில் கரையும் வேதிப்பொருளை ஊறவைப்பது அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று. அதன் பிறகு வெளிவந்த சிலைகள் சிலவற்றில் நிறம் தங்கியது. மண்டியிட்ட வில்வீரன் ஒருவனுக்கு முகமே பச்சை. ஏன் பச்சை என்று இன்றுவரை வாதம் ஓயவில்லை.

சரி, பூமிக்கு அடியில் போகும் பொம்மைக்கு விழிக்குக் கருமணிவரை எதற்கு? இறந்தவருக்கு அவர்கள் வேலை செய்யவேண்டும், அதனால்தான். உயிருள்ளவனைப் போல் இல்லாத காவலாளி யாரைக் காப்பான்? இந்தப் படைக்கு வெகுகாலம் முன்பே வாழ்ந்த தத்துவ ஞானி கன்பூசியஸ் இப்படிப்பட்ட உயிர்ச்சாயலைக் கண்டுதான் பதறியிருக்கிறார். முதன்முதலில் பிணத்தோடு புதைக்கப் பாவை செய்தவனுக்குச் சந்ததியே இல்லாமல் போகட்டும் என்று அவர் சபித்ததாக, அவர் வழிவந்த அறிஞர் மென்சியஸ் சொல்கிறார். மனித உருவில் செய்து புதைப்பதுதான் அவரை உறுத்தியது. உருவத்தைப் புதைக்கத் துணிந்த கை ஆளைப் புதைக்க எவ்வளவு நேரமாகும்?

இதற்கு நேர்மாறான ஒரு கதையை வழிகாட்டிகள் சொல்வார்கள். முற்காலத்தில் உயிரோடு ஆட்களைப் புதைத்தார்கள், பிறகு கருணை பிறந்து மண்ணால் செய்து வைத்தார்கள் என்பது அந்தக் கதை. கேட்க இதமாக இருக்கிறது. பாதி உண்மையும்கூட. இந்தப் பேரரசரின் முன்னோர்கள் ஆண்ட சின் நாட்டின் கோமகன் மூ கி.மு. 621இல் இறந்தபோது 177 பேர் அவரோடு சாவுக்குப் போனார்கள். கி.மு. 384இல் அதே நாடு அந்த வழக்கத்தைத் தடை செய்தது. ஆனால் மண்படை வைத்த சின் ஷி ஹுவாங் விஷயத்தில் வரலாற்றாசிரியர் சிமா சியான் என்ன எழுதுகிறார்? பிள்ளை பெறாத அந்தப்புரப் பெண்களை அவரோடு சாகவைத்தார்கள், கல்லறையின் ரகசியம் அறிந்த கைவினைஞர்களை உள்ளேயே வைத்துக் கதவை மூடினார்கள் என்று எழுதுகிறார். மண்படையைப் பற்றி அவர் ஒரு வரி எழுதவில்லை என்பது வேறு விஷயம். பொம்மையும் போனது, ஆளும் போனது. ஆகவே கருணைக் கதையை நான் அவ்வளவு எளிதாக நம்பமாட்டேன்.

அடுத்து வந்த ஹான் வம்சத்தார் உயிர்ச்சாயலை இன்னொரு படி கொண்டுபோனார்கள். கி.மு. 141இல் இறந்த பேரரசர் ஜிங்கின் கல்லறை யாங்லிங்கில் இருக்கிறது. 1990இல் விமான நிலையத்துக்குச் சாலை போடும்போது அதன் குழிகள் தென்பட்டன. அங்குள்ள பாவைகள் இரண்டடி உயரம்தான். கையும் இல்லை, துணியும் இல்லை, முழு நிர்வாணம். பார்த்தவுடன் சிலருக்குச் சிரிப்பு வரும். சிரிக்குமுன் தோள்பட்டையைப் பாருங்கள், அங்கே ஒரு துளை இருக்கும். மரத்தால் கை செய்து அதில் செருகி, பட்டு உடுத்தி அனுப்பியிருக்கிறார்கள். மரமும் பட்டும் மக்கிப்போக, தோல் நிறம் பூசிய களிமண் உடல் மட்டும் நிற்கிறது. உடுத்தி மறைக்கப்போகும் உடலில் ஆண், பெண், காயடிக்கப்பட்ட அரண்மனை ஏவலர் என்ற வேறுபாட்டைக்கூடத் தவறாமல் காட்டியிருக்கிறார்கள்.

பன்றி, ஆடு, நாய், கோழி எல்லாம் அங்கே மந்தையாக நிற்கின்றன. பிற்கால ஹான் கல்லறைகளில் அடுப்பு, கிணறு, பன்றித் தொழுவம் வரை வந்துவிடும். அதற்குள் இப்போது போகவில்லை.

தாங் வம்சத்துக்கு வருவோம். பொம்மை எண்ணிக்கையை அரசே வரையறுத்த காலம் அது. அதிகாரிகளில் முதல் நிலையே உயர்ந்தது. மூன்றாம் நிலை வரை உள்ள அதிகாரிக்கு 90, ஐந்தாம் நிலை வரை 60, ஒன்பதாம் நிலை வரை 40 என்பது விதி. ஒட்டகம், குதிரை, இசைக்கலைஞர், குண்டுக் கன்னச் சீமாட்டி என்று எல்லாம் புதைக்குமுன் தெருவில் ஊர்வலமாகப் போகும். வழிப்போக்கர் வாய்பிளக்க வேண்டுமென்றே உயிருள்ளவைபோல் அலங்கரிக்கிறார்கள் என்று 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அதிகாரி அரசரிடம் முறையிட்டார். கன்பூசியஸ் அஞ்சிய அதே உயிர்ச்சாயல் இங்கே வெறும் ஆடம்பரமாகிவிட்டது. ஆட்சேபம் செலவைப் பற்றித்தான்!

தாங் கால மூவண்ண மெருகுப் பொம்மை ஒன்றை அருங்காட்சியகத்தில் கண்டால் முகத்தை உற்றுப் பாருங்கள். உடம்பெல்லாம் பச்சையும் மஞ்சளும் வழிந்து பளபளக்கும். முகத்தில் மட்டும் பல பொம்மைகளில் மெருகு இராது. ஈயம் கலந்த அந்த மெருகு சூளையில் உருகி ஓடும். ஓடினால் கண்ணும் மூக்கும் மழுங்கிவிடும். அதனால் முகத்தை வெறுமனே விட்டு, சுட்டெடுத்த பிறகு புருவமும் உதடும் தூரிகையால் எழுதினார்கள். சூளை ஏறாத அந்த வண்ணம்தான் முதலில் அழிந்தது.

சின் ஷி ஹுவாங்கின் கல்லறை மேட்டை ஏன் இன்னும் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். திறக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. வீரர்களின் வண்ணத்தை இழந்து கற்ற பாடத்தை, உள்ளே இருப்பவற்றிலும் ஒருமுறை கற்க வேண்டிய அவசியமில்லை. மறுப்பவர்கள் இங்கேயே இருப்பீர்கள். நேரமாகிவிட்டது என்று அமைப்பாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார், கேள்விகளை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.